தொப்பி அக்கா ரோட்டை மறிச்ச கதை

அது கொக்கு இல்ல சார், கூழைக்கடா. கொக்குக்கு ஏது இம்மாம் பெரிய வாய்? தாடைக்குக் கீழ பாருங்க, ஒரு பையே தொங்குது. நல்லா சாஞ்சு உக்காருங்க, தலைய அந்தக் குழிவுல வைங்க. ம், அப்படித்தான். முன்னாடி இந்த நாற்காலி சுவரப் பாத்து இருந்துச்சு. சுவத்துல பெருசா ஒரு சொத்தப்பல்லு படம். பல்லு வலின்னு வந்த மனுஷனுக்கு எதிர்லயே சொத்தப்பல்ல மாட்டி வெச்சா எப்படி? பாதி பேரு, வலி போயிடுச்சு டாக்டர்னு சொல்லிட்டு செருப்பக்கூட சரியா மாட்டாம ஓடிடுவாங்க. அப்புறந்தான் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். இப்போ ஆத்தப் பாக்கறாங்க, பறவையப் பாக்கறாங்க, வாயத் தொறன்னா தொறக்கறாங்க.

பிடிக்காதா? ஏன் சார், என்ன பண்ணுச்சு பாவம்? ம்... கார் மேலயா. ஆமா, வயிறு பெருசு, அதுக்குத் தகுந்தாப்லதான வரும். நாத்தமும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். நாள் பூரா மீன் தின்னுட்டு ரோஜாப்பூவாவா மணக்கும்? ஓஹோ, நீங்கதானா அந்த ஆத்தங்கரை குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர்! அதான் பாத்தேன், உள்ள நுழையும்போதே ஒரு மிடுக்கு. பதினொரு மணிக்குக் கூட்டமா? இன்னைக்கேவா? இதுங்க கூடு கட்டியிருக்கற மரத்த வெட்டறதப் பத்தியா? நீங்கதான் பேசறீங்க. பின்ன, வேற யாரு பேசுவா. அதுக்குள்ள முடிச்சு அனுப்பிடறேன் சார், கவலையே படாதீங்க.

எங்க, வாயத் தொறங்க பாப்போம். இன்னும். இன்னும் கொஞ்சம், கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஐயோ சார், என்னது இது, பல்லா பாழடைஞ்ச வீடா? மேல ஓடு இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. இத வெச்சுக்கிட்டு எப்படி சார் இத்தன நாள் தூங்கினீங்க? வீட்ல யாரும் சொல்லலையா? சொன்னாங்களா. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவங்களே ஃபோன் பண்ணி இன்னைக்கு நேரம் வாங்கிட்டாங்களா. நல்ல வீட்டம்மா கெடச்சிருக்காங்க உங்களுக்கு.

இப்போ ஒரு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். எவ்வளவு பெரிய எறும்புன்னு நாங்க சொல்றதில்ல. கண்ண மூடாதீங்க, வெளிய பாருங்க, அந்தக் கட்டையில ஒண்ணு இறக்கைய விரிச்சுக் காய வெச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, கறுப்பா, அது நீர்க்காகம். முடிஞ்சுது. அவ்வளவுதான். பாதி உதடு, பாதி நாக்கு, அந்தப் பக்கத்துக் கன்னம், எல்லாம் கொஞ்ச நேரத்துல மரத்துப்போயிடும். இந்த ரப்பர் துணியப் பல்லச் சுத்தி மாட்டிடறேன், எச்சில் உள்ள வராம இருக்கறதுக்கு. இந்தக் குழாய் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும், அவ்வளவுதான். வலிச்சா மட்டும் இடது கையத் தூக்குங்க. மத்ததுக்கெல்லாம் தூக்காதீங்க. சரியா?

மரத்துப்போற வரைக்கும் ஒரு கத சொல்றேன். போரடிக்குதுன்னா சொல்லுங்க. சொல்ல முடியாதுல்ல, சரி, விடுங்க.

எனக்கே சார், இந்தப் பறவை, இயற்கை, அதெல்லாம் ஒண்ணுமே தெரியாது. நாள் பூரா குனிஞ்சு அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டு இருந்தா கழுத்து என்னத்துக்கு ஆகும்? கழுத்து வலின்னு போனா, அந்த டாக்டர் காலையில நடங்க, நடக்கும்போது மேல பாத்து நடங்கன்னுட்டாரு. சரின்னு ஆத்தங்கரைப் பாதையில இறங்கினேன். மேல பாத்தேன். அவ்வளவுதான், சொத்துனு நெத்தியில. உங்க கார் மேல விழுந்துச்சே, அதே சரக்கு. கண்ணாடி, மூக்கு, எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆகி, தடவிக்கிட்டு நிக்கறேன், பக்கத்துல ஒரு சிரிப்பு. சத்தமே இல்லாம. தோள் மட்டும் குலுங்குது. பெரிய விளிம்பு வெச்ச தொப்பி போட்டுக்கிட்டு ஒரு அக்கா. சிரிச்சுக்கிட்டே பையிலேருந்து ஒரு டவல எடுத்து நீட்டறாங்க. தொப்பி எதுக்குன்னு இப்ப புரியுதாம்மா...ன்னாங்க. அதோட நிறுத்திட்டாங்க.

அதான் சார் அவங்ககிட்ட நான் மொதல்ல கவனிச்சது. எந்தப் பேச்சையும் முடிக்க மாட்டாங்க. அந்த ஓரத்துல நிக்குதே, அது வந்து... அப்படிம்பாங்க. அப்புறம் என் மூஞ்சியப் பாப்பாங்க. நானும் அவங்க மூஞ்சியப் பாப்பேன். அது வந்து என்னக்கா? அப்படின்னு கேட்டா திடுக்குனு முழிப்பாங்க, யாரோ தூக்கத்துல எழுப்பின மாதிரி. என்னடா இது, நாக்குல ஏதாவது கோளாறான்னு நான் தொழில் புத்தியில யோசிச்சேன். ஒரு நாள் வாயக்கூட தொறக்கச் சொல்லிப் பாத்துட்டேன், ஆத்தங்கரையிலயே வெச்சு. பல்லெல்லாம் அருமையா இருக்கு. அப்புறம் பழகப் பழகத்தான் விஷயம் புரிஞ்சுது. வீட்ல அவங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் அவரே முடிச்சு வெச்சுடுவாராம். இவங்க, எனக்கு ஒரு... ன்னா, அவரு, காப்பிதான, போட்டுக் குடின்னுடுவாராம். இவங்க கேக்க வந்தது காப்பியே இல்ல. டாக்டர்கிட்ட போனா, இவளுக்குத் தலவலின்னு அவரே சொல்லிடுவாராம். இவங்களுக்கு வந்தது முட்டி வலி. தலவலி மாத்திரைய வாங்கிட்டு நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்திருக்காங்க.

சிரிக்காதீங்க சார், துணி கழண்டுக்கும். ஆமா, சில பேரு அப்படித்தான். என்ன பண்றது.

கெட்ட மனுஷன் இல்ல. அக்காவே சொல்வாங்க. குடிக்கறது இல்ல, அதட்டறது இல்ல, அக்காவுக்குப் பிடிச்ச நெறத்துலதான் பொடவ எடுத்துக் குடுப்பாரு. அந்த நெறம் பிடிக்கும்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டது, அது வேற விஷயம். கேக்காம செஞ்சு செஞ்சே பழகிட்டாரு. இவங்களும் சொல்லாம இருந்து இருந்தே பழகிட்டாங்க.

மரத்துச்சா? உதட்டத் தொடறேன், தெரியுதா? தெரியல. நல்லது. மெஷின் சத்தம் வரும், பயப்படாதீங்க.

ஆனா பாருங்க, ஆத்தங்கரைக்கு வந்துட்டா அக்கா வேற ஆளு. என்னா குறும்பு! ஒரு நாள் தண்ணியில நீளமா கழுத்து மட்டும் நெளிஞ்சுக்கிட்டு போகுது, நான் பாம்புன்னு கத்தி அவங்க மேலயே ஏறிட்டேன். கத்த விட்டுட்டு, நடுங்க விட்டுட்டு, அப்புறம் சாவகாசமா, பாம்புத்தாரா...ன்னாங்க. அதுவும் பறவைதான் சார், ஒடம்பு தண்ணிக்குள்ள இருக்கும், கழுத்து மட்டும் வெளிய. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சிருந்தாங்க. மூக்கு நடுவுல இடைவெளி இருக்கற நாரை ஒண்ணு நத்தைய நோண்டிக்கிட்டே இருக்கும், அதுக்கு என் பேரு. பல் டாக்டராம். கூழைக்கடாவுல ஒண்ணு, நல்லா கொழுத்தது, காலையில எல்லாத்துக்கும் முன்னாடி வந்து உசரமான கொம்புல நின்னுக்கிட்டு, பக்கத்துல எது வந்து உக்காந்தாலும் மூக்கால தட்டித் தள்ளும். அதுக்குச் செயலாளர்னு பேரு வெச்சிருந்தாங்க.

உங்களச் சொல்லல சார். பொதுவா ஒரு பேரு.

வீட்ல அவருக்கு இது எதுவுமே தெரியாது. அவரப் பொறுத்தவரைக்கும் இவங்க வாக்கிங் போறாங்க. மொதல் நாள் வந்து, நான் இன்னைக்கு ஆத்துல ஒரு... ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. அவரு, கொசுதான, அங்கல்லாம் போகாதன்னுட்டாரு. அதோட விட்டுட்டாங்க. தொப்பிய வீட்டுக்கே எடுத்துட்டுப் போறதில்ல. கரையோரம் பழைய பம்ப் ஹவுஸ் இருக்கே, அங்க ஒரு வாட்ச்மேன் இருக்காரு, அவரு அறையில ஆணியில மாட்டிட்டுப் போயிடுவாங்க. நான் கேட்டேன், எதுக்குக்கா ஒளிக்கறீங்க, திருட்டுப் பொருளா? அதுக்கு அக்கா சொன்னாங்க, கொண்டு போனா எதுக்குன்னு கேப்பாரு, அவரே பதிலும் சொல்லிடுவாரு, அப்புறம் அது என் தொப்பி இல்ல...

துப்பணுமா? வேணாம், குழாய் இழுத்துக்கும்.

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வரேன். போன மழைக்காலம். முந்தின நாள் ராத்திரி சரியான காத்து, எங்க க்ளினிக் போர்டே திரும்பிக்கிச்சு. விடிஞ்சும் தூறல் விடல. அக்கா மழைக்கு ஒண்ணும் கொண்டு வரல, என்னோட நீல ரெயின்கோட்ட மாட்டி விட்டேன், நான் குடையப் பிடிச்சுக்கிட்டேன். மரத்தடியில ஈரத்துல நாத்தம் தூக்கலா இருக்கும்னு மூஞ்சிக்கு மாஸ்க் வேற. தொப்பி, மாஸ்க், நீல கோட்டு. பெத்த தாயே பாத்தாலும் யாருன்னு கேப்பா, அந்த மாதிரி இருந்தாங்க.

மரத்தடியில எங்க பாத்தாலும் கூடு பிஞ்ச குச்சி. ஒரு குஞ்சு கீழ விழுந்து கெடக்கு. குஞ்சுன்னா கோழிக்குஞ்சு மாதிரி நெனச்சுக்காதீங்க, நல்ல பருமன், ஆனா பறக்கத் தெரியாது. ஒரு இறக்கை தொங்குது. காக்கா அஞ்சாறு சுத்தி நின்னு கொத்துது. அது பயந்துபோய் எந்திரிச்சு, தத்தக்கா பித்தக்கான்னு நடந்து, நேரா ரோட்டுக்கு ஏறிடுச்சு. காலை நேரம், உங்களுக்கே தெரியும் அந்த ரோடு எப்படி இருக்கும்னு. பால் வண்டி, ஸ்கூல் வேன், எல்லாம் பறக்குது.

நான் ஐயோன்னு கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கறேன். இவங்க போயிட்டாங்க சார். நடு ரோட்டுல போயி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. பால் வண்டி கிறீச்சுன்னு நின்னுச்சு. வேன் நின்னுச்சு, உள்ள இருந்த பசங்க எல்லாம் ஜன்னல்ல ஒட்டிக்கிட்டாங்க. குஞ்சு மட்டும் நடு ரோட்டுல வந்து நின்னுக்கிட்டு, இந்தப் பக்கம் பாக்குது, அந்தப் பக்கம் பாக்குது, எடத்த விலைக்குக் கேக்க வந்த ஆளு மாதிரி. அவசரமே இல்ல அதுக்கு.

அப்போ பின்னாடி ஒரு கார். விடாம ஹாரன். வேனச் சுத்திக்கிட்டு முன்னாடி வந்து, அக்கா முட்டிக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. கண்ணாடி இறங்குது, ஒரு தலை வெளிய வருது. ஏம்மா, அறிவிருக்கா உனக்கு, மனுஷன் வேலைக்குப் போக வேணாமா, பைத்தியமா நீ? அப்படின்னு ஒரே கத்து.

என்ன சார்? கைய எறக்குங்க. வலிக்காதே? வலிக்குதா? வலிக்கலல்ல. அப்ப எறக்குங்க.

அக்கா அந்தத் தலையப் பாத்தாங்க. ஒரு நொடி அப்படியே நின்னாங்க. நான் நெனச்சேன், போச்சு, ஒதுங்கிடுவாங்கன்னு. அடுத்த நொடி வந்துச்சு பாருங்க ஒரு குரல்! வண்டிய நிறுத்துன்னா நிறுத்தணும்! ஒரு உசுரு ரோட்டத் தாண்டற வரைக்கும் பொறுக்க முடியாதா உங்களுக்கு? அப்படி என்ன அவசரம், நீங்க போகலன்னா ஆபீஸ் அழுதுடுமா? கண்ணாடிய ஏத்திக்கிட்டு வாய மூடிக்கிட்டு உக்காருங்க! அப்படின்னாங்க. ஆரம்பிச்சு, முடிச்சு, புள்ளி வெச்சு. அக்கா வாயிலேருந்து ஒரு முழுப் பேச்ச நான் அன்னைக்குத்தான் மொதமொதல்ல கேட்டேன். ஸ்கூல் வேன்ல பசங்க கைதட்டறாங்க. அந்தக் கார்க்காரரு வாயத் தொறந்தாரு, மூடினாரு, கண்ணாடி தானா மேல ஏறிடுச்சு.

சார், ஆடாதீங்க. கையில என்ன வெச்சிருக்கேன்னு பாக்கறீங்கல்ல? பல்லுக்குள்ள வேரச் சுத்தம் பண்ற ஊசி இருக்கு. அசையாம இருங்க. கேளுங்க.

பம்ப் ஹவுஸ் வாட்ச்மேன் ஒரு பெரிய கூடையத் தூக்கிட்டு ஓடி வந்து குஞ்சு மேல கவுத்தாரு. வனத்துறைக்காரங்க வந்தாங்க, கூடவே மிருக வைத்தியரு. இறக்கை முறியல, பிசகியிருக்கு, இப்ப தூக்கிட்டுப் போனா பயந்தே செத்துரும், பறக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும், நாங்க வந்து பாத்துக்கறோம்னாங்க. அன்னையிலேருந்து அக்காதான் அதுக்குத் தாய். காலையில மீன் வாங்கிட்டு வந்து, தலைய மொதல்ல உள்ள போற மாதிரி பிடிச்சு நீட்டுவாங்க. அது முழங்கை வரைக்கும் சேத்து முழுங்கப் பாக்கும். ஆத்தா கொண்டு வந்தா அதோட தாடைப் பைக்குள்ள தலைய விட்டுத் திங்கற பழக்கம், அதுக்கு வித்தியாசம் தெரியல. அக்காவோட கையெல்லாம் மீன் நாத்தம். வீட்டுக்குப் போய் குளிச்சாலும் போகல. வீட்டுக்காரரு மோந்து பாத்துட்டு என்ன பண்ணாரு தெரியுமா? பாத்ரூம் பைப்புல அடைப்புன்னு முடிவு பண்ணி பிளம்பரக் கூட்டிட்டு வந்துட்டாரு! அவன் பைப்பெல்லாம் கழட்டிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னான். இவரு விடல. வேற பிளம்பர். அவனும் கழட்டினான். அக்கா அடுக்களையில நின்னு வாயில துணிய அடைச்சுக்கிட்டு சிரிச்சிருக்காங்க.

கண்ணு ஏன் சார் இப்படி விரியுது? வெளிச்சம் கூசுதா? கொஞ்சம் திருப்பி விடறேன்.

அந்தக் குஞ்சு பறந்துச்சு சார். நான் பாத்தேன். தெனம் பம்ப் ஹவுஸ் படியிலேருந்து குதிச்சுக் குதிச்சு பழகும், தொபுக்கு தொபுக்குன்னு விழும். ஒரு காலையில குதிச்சுது, விழல. தண்ணிய ஒட்டியே போச்சு, அக்கரைக்கிட்ட வளைஞ்சு திரும்பிச்சு, எங்க தலைக்கு மேல வந்து ஒரு சுத்து. நான் குடைய விரிச்சுக்கிட்டேன், அனுபவம். அக்கா தொப்பியக் கழட்டிட்டு நின்னாங்க. கண்ணுல தண்ணி ஓடுது, தொடைக்கக்கூட இல்ல.

ஆனா நான் உங்ககிட்ட சொல்ல வந்தது அது இல்ல. ரோட்ட மறிச்ச அன்னைக்குச் சாயங்காலம் நடந்தது. அக்கா மறுநாள் வந்து சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரரு ஆபீஸ்லேருந்து வந்து ஷூவக் கழட்டிக்கிட்டே, இன்னைக்கு ரோட்டுல ஒரு பைத்தியக்காரிகிட்ட மாட்டிக்கிட்டேன், ஏதோ ஒரு பறவைக்காக வண்டியெல்லாம் நிறுத்தி வெச்சுட்டா, என்னா வாயி, என்னா குரலு, அவ புருஷன் பாவம், அப்படின்னாராம். அக்கா தண்ணி டம்ளர நீட்டிக்கிட்டே, அப்படியான்னு கேட்டாங்களாம். இத என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வயித்தப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் அந்தக் கல்லு பெஞ்சுல உக்காந்துட்டோம். அப்புறம் அவங்க சிரிப்பு நின்னுடுச்சு. ஆத்தப் பாத்துக்கிட்டே சொன்னாங்க, மூஞ்சிதான் மூடியிருந்துச்சு, சரி. குரல் கூடவாம்மா தெரியாது? அப்படின்னாங்க.

அவரத் தப்பு சொல்லவும் முடியாது பாருங்க. கேக்காத குரல எப்படி அடையாளம் தெரியும்?

அழுத்தறேன், கொஞ்சம் கனமா இருக்கும். இது மருந்து. மேல தற்காலிகமா அடைச்சு விடறேன், அடுத்த வாரம் ஒரு தடவ வரணும். வருவீங்க. வருவீங்கன்னு நெனக்கறேன்.

இந்த மரம் வெட்டற பேச்சு வந்ததும் அக்கா ரெண்டு நாள் வாக்கிங்குக்கே வரல. மூணாவது நாள் வந்தாங்க. மேல குஞ்சு இருக்கும்மா, இப்ப வெட்டினா எல்லாம் கீழதான் விழும், காருக்குத்தான் பிரச்சினைன்னா ஒரு தகரக் கொட்டகை போட்டாப் போதும், நான் பேசறேன், அப்படின்னாங்க. நான் பேசறேன். முழுசா. யார்கிட்டன்னேன். கூட்டத்துலன்னாங்க. அங்க பேசறது யாருன்னேன். என் வீட்டுக்காரருன்னாங்க.

ஆமா சார். உங்க வீட்டம்மாதான்.

பொறுங்க, பொறுங்க, எந்திரிக்காதீங்க, துணியக் கழட்டிடறேன். ம். இப்ப மூடலாம். மெதுவா. பேசாதீங்க, நாக்கக் கடிச்சுக்குவீங்க. பாருங்க, எச்சில் வழியுது, இந்தாங்க டவல். என்ன சொல்றீங்க? ழழழன்னு கேக்குது சார், ஒண்ணும் புரியல. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு அப்படித்தான் இருக்கும். கீழ்த்தாடை ஊசி, எல்லாருக்கும் அப்படித்தான். அளவுக்கு மேல ஒரு சொட்டு போடல, என் தொழில் மேல சத்தியம். பல்லு நெசமாவே பாழ். இன்னைக்கு விட்டிருந்தா ராத்திரி மொகம் வீங்கியிருக்கும். நேரம் வாங்கினது மட்டும் அவங்க.

முறைக்காதீங்க. பேச்சத் தடுக்கறதுக்குன்னு நெனக்கறீங்களா? அதுவும் கொஞ்சம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அக்கா கேட்டது அது மட்டும் இல்ல. இந்தக் கதைய மொதல்லேருந்து கடைசி வரைக்கும் உங்ககிட்ட சொல்லணும்னாங்க. ஒரு தடவையாவது. அவங்களே வீட்ல பல தடவ ஆரம்பிச்சுப் பாத்துட்டாங்களாம், நீங்க பாதியிலயே முடிச்சு வெச்சுடுவீங்களாம். உலகத்துலயே நீங்க குறுக்க பேசாம கேக்கக்கூடிய இடம் இந்த நாற்காலி ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சு அனுப்பியிருக்காங்க. தயங்கித்தான் கேட்டாங்க. நான்தான் துள்ளிக் குதிச்சு சரின்னேன்.

கோபம் இல்லையே? இருந்தாலும் பரவால்ல, அடுத்த வாரம் வந்து திட்டுங்க. கூட்டத்துக்குத் தாராளமா போங்க, முன் வரிசையில உக்காருங்க. வீட்டுக்கு ஒரு ஓட்டாமே. யாரு கை தூக்கறதுன்னு போற வழியில ரெண்டு பேரும் பேசி... சரி, அவங்க பேசட்டும், நீங்க கேட்டுக்கிட்டே போங்க.

சூடா எதுவும் குடிக்காதீங்க. அந்தப் பக்கமா மெல்லாதீங்க. கார் சாவியத் தேடறீங்களா? பையில இருக்காது சார். நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி வெளிய கோட்டக் கழட்டி மாட்டினீங்கல்ல, அப்பவே அக்கா எடுத்துட்டாங்க. கீழதான் இருக்காங்க, ஜன்னல் வழியா பாருங்க. முன் சீட்டுதான். அந்தப் பக்கம் இல்ல சார், ஸ்டியரிங் பக்கம். அவங்களுக்கு எப்பலேருந்து ஓட்டத் தெரியும்னா? கேக்க வேண்டியது நெறைய இருக்கு சார். மொதல்ல அந்த உதடு சரியாகட்டும், அப்புறம் ஒவ்வொண்ணா கேளுங்க. கேட்டுட்டு, கொஞ்சம் பொறுங்க. பதில் வரும்.